கண்மாயில் விழுந்த கீறல்

ஆனி மாதம், வியாழன் இரவு.

புதிதாகச் செய்த கேம்பிங் டிரெய்லரை இன்று ஜீப்பில் மாட்டி, திருவாதவூரில் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் இழுத்துப் பார்த்தோம். பாரம் தாங்குகிறதா என்று பார்க்க, அதன் தளத்தின் மேல் பத்து மணல் மூட்டைகளை நான்தான் ஏற்றினேன். மூன்றாவது சுற்றில், ஜீப்போடு இணைக்கிற இரும்புச் சட்டத்தில், என் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மயிரிழை போல ஒரு கீறல்.

கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லருக்கு அடிக்கிற பழக்கத்தில் சுற்றிலும் முழுதாகப் பற்றவைத்திருக்கிறேன். குழியில் இறங்கும்போது சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்க இடமே விடவில்லை. என் தப்புதான்.

பட்டறைக் கூட்டாளி செல்வம் அண்ணன் குனிந்து பார்த்தார்.

"மேல ஒரு பட்டையை வச்சு அடிச்சு பெயிண்ட்ட விடு தாயி. நாளைக்குக் காலையில பூசை போட்டு வண்டியக் குடுக்கணும். எலுமிச்சம்பழங்கூட வாங்கிட்டேன்."

"மலையேறும்போது அத்துக்கிட்டா பின்னால வாரவன் மேலல்ல விழும்ணே?"

"இம்புட்டுக்கூண்டு கீறலுக்குப் போயி! பொம்பளப்புள்ள ரொம்பத்தான் பயப்படுற."

பயமாம்!

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் டீ குடிக்கப் போனார். கிரைண்டரை எடுத்துச் சட்டத்தை இரண்டாக அறுத்துப் போட்டேன். வந்து பார்த்தவர் பெயிண்ட் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். டிரெய்லர் செய்யச் சொன்னவரிடமும், நாளைக்கு வண்டி கிடைக்காது என்று நானே போனில் சொல்லிவிட்டேன். கத்தினார். கத்தட்டும்.

சக்கரத்துக்கு அடியில் வைக்க வாங்கிய எலுமிச்சம்பழம் இரண்டையும் வீட்டுக்கு எடுத்து வந்து, பிழிந்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டேன். அடுத்த பூசைக்குப் பழம் நான் வாங்கித் தருகிறேன். அதற்கு நல்ல நாளையும் நானே குறிப்பேன்.