இப்போது தண்ணீர் குடிக்கிறோம், அக்கா

என் பிரியமுள்ள தனம் அக்காவுக்கு,

நீ கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. மாத்திரைக் கம்பெனியில் நம் பேக்கிங் வரிசை அதே ஜன்னல் ஓரத்தில்தான் நிற்கிறது. நிற்கிறது என்று எழுதிவிட்டேன், பார். எல்லோரும் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள்.

முன்பு நாள் முழுக்க நின்றபடியே பெட்டி ஒட்டுவோம். பாத்ரூம் போனால் மேனேஜர் வாட்சைப் பார்ப்பார் என்று யாரும் தண்ணீரே குடிக்க மாட்டோம். காலையில் வெறும் வயிறு, பதினோரு மணிக்கு ஒரு டீயும் பன்னும். உனக்கு அடிக்கடி காய்ச்சல், இடுப்பு வலி. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட வந்தேன். தண்ணீர் குடிக்காமல் கிட்னி பழுதாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது நீ அழவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் வாய் திறந்தாய்.

"செல்வி, இது எனக்கு மட்டும் வந்த நோயில்லடி. நம்ம லைனுக்கே வரப்போவுது."

மறுநாள் நேராக மேனேஜர் எதிரில் போய் நின்றாய்.

"சார், தண்ணி குடிக்காம நின்னா மயக்கம் வருது. வாரத்துக்கு நாலு பேரு லீவு போடறோம். அப்புறம் பெட்டி எப்படி முடியும்?"

"உக்காந்தா மட்டும் முடிஞ்சிடுமா?" என்றார் அவர்.

"ஒரு மாசம் எங்க லைன மட்டும் உட்டுப் பாருங்க. உக்காந்து செய்யறோம், தண்ணி குடிக்கிறோம். ஒரு பெட்டி குறைஞ்சாலும் நானே வேலைய உட்டு நின்னுடறேன்."

உன் வீடே உன் ஒருத்தி சம்பளத்தில்தான் ஓடியது.

மேனேஜர் சம்மதித்தார். அந்த மாதம் ஒருத்தியும் மயங்கி விழவில்லை. மதியத்துக்கு மேல் சோர்வில் லேபிளை மாற்றி ஒட்டுவதும் நின்றது. மாதக் கடைசியில் நம் வரிசைதான் முதலிடம். அடுத்த வாரம் எல்லா வரிசைக்கும் ஸ்டூல் வந்து இறங்கியது.

உன் உடம்புக்குத்தான் அது தாமதமாகிவிட்டது. டயாலிசிஸ் நாட்களிலும் போன் போட்டு, "எல்லாரும் சாப்ட்டு வந்தாளுங்களா?" என்று கேட்பாய். எங்களுக்காக அப்படிப் பேசியவள், உனக்கு வலித்தபோது ஏன் அக்கா முன்பே சொல்லவில்லை?

போன திங்கட்கிழமை என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நேற்று, காலாப்பட்டிலிருந்து வரும் புதுப் பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"அக்கா, பாத்ரூம் போவணும். யார்கிட்ட கேக்கணும்?"

"யார்கிட்டயும் கேக்க வேணாம்மா. போய்ட்டு வா."

அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அவள் திரும்பி வந்ததும் உன்னைப் பற்றிச் சொன்னேன்.

இனி இங்கே வேலைக்குச் சேரும் ஒவ்வொருத்தியும் உன் பெயரைக் கேட்ட பிறகுதான் பெட்டியில் கை வைப்பாள். அதற்கு நான் பொறுப்பு.

உன் கூடப் பிறக்காத தங்கை,
செல்வி
லாஸ்பேட்டை