தொட்டியில் இருந்த ஒத்தை மீனு

அன்பான திலகாவுக்கு,

கர்த்தர் கிருபையில நான் கத்தார்ல நல்லா கீறேன். நீயும் வயித்துல கீற பாப்பாவும் சொகமா? அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி கீது?

போன்ல சொன்னா சிரிப்பே. அதான் எழுதி, லீவுல ஊருக்கு வர்ற எங்க ரூம் வரதண்ணன் கையில குடுக்கறேன். கேம்ப்ல கை கழுவற தொட்டியில கொசுப்புழுவத் தின்ன ஒரே ஒரு கப்பி மீனு விட்டிருந்தாங்க, பொட்டை. போன வாரம் தொட்டி கழுவும்போது பொடிப்பொடியா என்னமோ நெளிஞ்சிச்சி. கொசுப்புழுதான்னு மணல்ல கொட்டிட்டேன். “அடப்பாவி, அது மீனோட குட்டிங்கடா!”ன்னு அண்ணன் கத்தினாரு.

எனக்கு ஒண்ணுமே புரியல. நம்ம உத்திரமேரூர் ஏரியில கெண்டை, விரால் எல்லாம் முட்டைதான போடும்? இது குட்டி போடுமாம். ஆணே இல்லாம எப்படின்னு கேட்டா, எப்பவோ சேர்ந்தத உள்ள வச்சிக்கினு மாசக்கணக்கா பெத்துக்கினே இருக்குமாம். இப்ப மறுபடியும் வயிறு உப்பிக்கினு கீது.

உன் பழைய பொடவை ஒண்ணு அண்ணன்கிட்ட குடுத்தனுப்பு. ஏசி குளிருக்குப் போத்திக்கணும்.

டூட்டி வண்டி வந்துடுச்சி. ரெண்டு வருஷம் கழிச்சி நான் வர்ற அன்னிக்கு, பாப்பாவ நீயே இடுப்புல வச்சிக்கினு நில்லு திலகா. தெருப் புள்ளைங்களோட நின்னா, நம்மளது எதுன்னு எனக்குத் தெரியாது.

டேனியல்