ஒரு மாதம் பொறு

மார்ச் 3

அன்புள்ள நெட்டைக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? உயரமாக வளர்ந்தவர்களுக்கு வலியும் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். "போன்ல பேசிட்டா முடிஞ்சுபோச்சு, இன்னும் என்ன காகிதம்?" என்று என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கிண்டல் செய்கிறார். விடுதி அறையைக் காலி செய்த நாளிலிருந்து இருபத்தாறு வருஷமாக எழுதுகிறோம். போனில் நாம் பேசினால் "அப்புறம்?", "நீதான் சொல்லணும்" என்றே பாதி நேரம் போய்விடும்.

இந்தத் தடவை ஒரு காரியமாக எழுதுகிறேன். என் மாமியார் இரண்டு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர் இல்லையா, வாய் மட்டும் குறையவில்லை. வீட்டுக்கு வந்த டாக்டரைப் பார்த்து "வரிசையில வாங்க" என்கிறார், வந்திருந்ததே அவர் ஒருவர்தான். என் வீட்டுக்காரர் மாதத்தில் இருபது நாள் லாரி ஓட்டிக்கொண்டு வெளியூரில். நான் கண்ணாடிக் கடையில் காலை பத்திலிருந்து இரவு ஏழு வரை ஊரார் கண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அத்தை தனியே. நாற்காலி பிடித்து எழும்போது என்ன ஆகுமோ என்றே கடையில் இருக்கும்போதும் நினைப்பு.

கடைக்குப் பக்கத்தில், பஸ்ஸில் எட்டு நிமிஷத்தில், ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். வாசலில் மீன் தொட்டி, வெள்ளைத் திரை, சிரித்த முகமாக ஒரு மேலாளர். முதியோர் இல்லங்களை ஆய்வு செய்து உங்கள் ஆபீஸ் வெளியிடும் இணையப் பக்கத்தில் தேடினேன். அந்த இல்லத்துக்கு நேரே பச்சை எழுத்தில் 'திருப்தி' என்று போட்டிருக்கிறது. அந்தப் பச்சையைப் போடுகிறவளே என் தோழியாக இருக்கும்போது நான் ஏன் பக்கத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டும்? இல்லத்தின் பெயரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உள்விஷயம் என்ன, எழுதடி. ஒரே ஒரு படுக்கைதான் காலி, பதினைந்து நாளில் சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

உன்,
மிளகாய்

*

மார்ச் 9

அன்புள்ள மிளகாய்க்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அத்தை விழுந்ததை நினைத்தால் கவலையாக இருக்கிறது. டாக்டரை வரிசையில் நிற்கச் சொன்ன இடத்தில் சிரித்தும்விட்டேன்.

நீ கேட்டதற்கு நான் பதில் எழுத முடியாது. எந்த இல்லத்தைப் பற்றியும், நல்லதோ கெட்டதோ, பக்கத்தில் வெளியானதைத் தவிர ஒரு சொல் வெளியே விடமாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீறினால் வேலையும் போகும், வழக்கும் வரும். ஆய்வு நடந்தால் முதலில் வரைவு அறிக்கை இல்லத்துக்குப் போகும். அவர்கள் பதில் சொல்ல நாள் கொடுப்போம். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் ஏறும். அதுவரை பழைய முடிவே அங்கே நிற்கும். பொதுவாக நடைமுறை இதுதான், உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். ஒரு மாதம் பொறு. காரணம் கேட்காதே. அதுவரை பகலில் துணைக்கு யாரையாவது வைத்துக்கொள். வேறு இல்லங்களையும் பார். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பார்.

கோபப்படாதே. நீ கோபப்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன்,
நெட்டை

*

மார்ச் 16

நெட்டைக்கு,

நான் தோழிக்குக் கடிதம் போட்டேன், சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. நன்றி.

ஒரு மாதம் பொறுக்கச் சொன்னாய். அதைக் குளியலறைத் தரையிடம் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் தேதி நான் கடையில் இருக்கும்போது அத்தை மறுபடியும் விழுந்தார். குழாய்த் தண்ணீர் நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்க்கும்வரை, இரண்டு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். நான் ஓடி வந்து தூக்கியபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேருமே தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவரே சொன்னார்: "போதும்மா. என்னைத் தூக்கித் தூக்கி உன் முதுகு போச்சு. அந்த மீன் தொட்டி வீட்டுக்கே கொண்டு விட்டுடு. ஞாயிற்றுக்கிழமை வந்து பாரு, போதும்."

நான் அழுதேன். "சும்மா இரு, கடைசி பஸ் போயிட்ட மாதிரி அழாத" என்று அதட்டினார்.

பதினான்காம் தேதி கொண்டு சேர்த்தோம். பெட்டியில் நான்கு சேலை, ரேடியோ, அவர் மகன் படம். அத்தையைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போன நர்ஸ் நல்ல பெண்ணாகத் தெரிந்தாள்.

நீ மாமியாரையோ மாமனாரையோ தூக்கியதில்லை. உன் அம்மா உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அதனால் 'பொறு' என்று எழுத உனக்குச் சுலபமாக இருக்கிறது. மாமியாரைக் கொண்டுபோய் விடுகிறாளே என்று நினைத்தாயானால் அதை நேராகவே எழுதியிருக்கலாம்.

மிளகாய்

*

மார்ச் 21

என் அன்பு மிளகாய்க்கு,

சத்தியமாக அப்படி நினைக்கவில்லை. உன்னைப் போலப் பார்த்துக்கொள்கிற மருமகளை நான் கண்டதில்லை.

சேர்த்தது சேர்த்தாகிவிட்டது. இனி நான் சொல்வதைச் செய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதே, முடிந்தால் தினமும் போ. வேளை மாற்றி மாற்றிப் போ. அத்தை படுத்திருந்தால் வெட்கப்படாமல் போர்வையை விலக்கிப் பார். குதிகாலைப் பார், இடுப்புக்குக் கீழே பார். சிவந்திருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு. தூங்குகிறார் என்று சொன்னால் நம்பித் திரும்பி வராதே.

படுத்த படுக்கையாக இருக்கிற எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுதான் இது.

உன்,
நெட்டை

*

மே 6

நெட்டைக்கு,

ஏழு வாரமாக எழுதவில்லை. எழுத முடியவில்லை.

முதல் இரண்டு வாரம் தினமும் போனேன். பிறகு கடையில் ஆள் குறைவு, வாரத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. மறுபடி விழுந்துவிடுவார் என்று அத்தையைப் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். "இப்பதான் தூங்குறாங்க" என்பார்கள். உன் கடிதம் நினைவுக்கு வந்து ஒருமுறை போர்வையைத் தொட்டேன். அத்தை விழித்துக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டார். "என்னடி இது, மானத்த வாங்குற." மருமகள் பார்ப்பதற்குக் கூச்சம் அவருக்கு. எனக்கும் கூச்சம்தான். விட்டுவிட்டேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி போனபோது அத்தை என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. உடம்பு கொதித்தது. மருத்துவமனையில் டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். நெட்டை, முதுகின் அடியில் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் புரிந்தது. "எத்தனை நாளா திருப்பிப் படுக்க வைக்கல?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். என்னை.

அத்தை பிழைத்துக்கொண்டார். இனி எழுந்து உட்காரமாட்டார்.

இப்போது கேட்கிறேன். ஏப்ரல் 29 அன்று உங்கள் பக்கத்தில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. நான் படித்தேன். 'படுக்கையில் உள்ளவர்களை உரிய நேரத்தில் திருப்பிவிடுவதில்லை. மூவருக்குப் படுக்கைப் புண். பணியாளர் போதாது.' அதன் கீழே சின்ன எழுத்தில், 'ஆய்வு நடந்த நாள்: பிப்ரவரி 18.' சின்ன எழுத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு, தெரியுமல்லவா?

ஒரு மாதம் பொறு என்று நீ எழுதியது மார்ச் 9.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தையில் எழுது.

மிளகாய்

*

மே 11

மிளகாய்க்கு,

தெரியும்.

நீ ஒரு வார்த்தைதான் கேட்டாய். மீதியைப் படிக்காவிட்டாலும் சரி.

வரைவு பிப்ரவரி 27 அன்று என் மேஜைக்கு வந்தது. பக்கத்துக்கு ஏற்றவாறு சுருக்கி எழுதியவள் நான்தான். நீ எடுத்து எழுதியிருக்கிறாயே, அந்த மூன்று வரியும் என்னுடையவை. நாலு நாள் கழித்து நீ கடிதம் எழுதியிருக்கிறாய். இல்லத்தின் பெயரைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன்.

பிரிவு அதிகாரியிடம் கேட்டேன். பெயர் எதுவும் சொல்லாமல், "சார், அறிக்கை ஏற்றத்தான் நாள் ஆகும். 'ஆய்வு நடந்திருக்கிறது, முடிவு வரவிருக்கிறது'ன்னு ஒரு வரி மட்டும் இப்பவே போடலாமா?" என்றேன். "விதியில அப்படி ஒரு வரி இல்லம்மா. நாளைக்கு ஆய்வு தப்புன்னு நிரூபணம் ஆனா, அந்த ஒரு வரியால இல்லம் காலியாயிடும். அவங்க பக்கமும் கேக்கணும்ல?" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இல்லத்தின் வக்கீல் அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். மறுபடியும் கேட்டார், மறுபடியும் கொடுத்தார்கள். நீ ஒரு மாதம் பொறுத்திருந்தாலும் அந்தப் பச்சை அப்படியேதான் இருந்திருக்கும்.

சட்டத்துக்குப் பயந்தேன் என்றால் அது பாதிதான். வேலை போனால் என் மகன் படிப்பு என்னாகும் என்று பயந்தது இன்னும் கொஞ்சம். மீதியைச் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை. 'ஒரு மாதம் பொறு' என்று எழுதி உறையை ஒட்டியதும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது. சொல்லாமல் சொல்லிவிட்டேன், கெட்டிக்காரி, புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். புரிந்ததா என்று பார்க்கவில்லை. ரயில் ஏறி வந்து உன் எதிரில் நின்று தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். ஐந்து மணி நேரப் பயணம்.

அத்தையிடம் என்னைப் பற்றிச் சொன்னாயா? சொல்லாவிட்டால் சொல்லிவிடு.

நெட்டை

*

ஜூன் 20

மிளகாய்க்கு,

நீ பதில் எழுதவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்த ஒன்றை வேறு யார் வழியாகவும் நீ கேட்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தகவல் வெளியிடும் விதிகளைத் திருத்தலாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டோம் அல்லவா? வந்த மனுக்களையும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். அதற்கு முன் தனி ஆட்களை அடையாளம் காட்டுகிற வரிகளைக் கறுப்பு மையால் அடிப்பது என் வேலை. நாற்பத்திரண்டாவது மனு உன்னுடையது. கையெழுத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆய்வு முடிந்த அன்றே பக்கத்தில் ஒரு வரி வர வேண்டும் என்று கேட்டிருந்தாய். நான் மேலதிகாரியிடம் முனகியதை நீ ஊரறியக் கேட்டிருக்கிறாய். ஐந்தாவது பத்தியில், 'இந்த அறிக்கையை எழுதிய பிரிவில் என் தோழி வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தெரியும். ஒரு மாதம் பொறு என்று மட்டும் எழுதினாள். இந்த விதி அவளையும் என்னையும் இப்படி ஆக்கியது' என்று இருந்தது. நான்தான் அதை அடிக்க வேண்டும்.

சம்பந்தப்பட்டவர் ஒப்புதல் கொடுத்தால் அடிக்க வேண்டியதில்லை என்று ஒரு விதி உண்டு. அதற்கான படிவத்தை எடுத்து, என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொண்டுபோனேன்.

"யாரும்மா இது?"

"நான்தான் சார்."

அவர் மனுவை மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பொறுன்னு எழுதினதே தப்பு, தெரியும்ல? இது வெளியே வந்தா விசாரணை வரும். அந்தப் பத்தியை அடிச்சிட்டுக் கொண்டாங்க. யாருக்கும் தெரியப் போறதில்ல. உங்களுக்கு இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ் இருக்கு."

"அந்த ஒன்பது வருஷமும் நான் இதே நாற்காலியிலதான் சார் உட்காரணும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். மனு இன்று காலை வெளியானது, ஒரு எழுத்துக்கூட அடிபடாமல். மத்தியானம் என்னை ஆவணக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் விசாரணை.

வேடிக்கையைப் பார். ஆபீசுக்கு நான் அதிகமாகச் சொன்னவள், உனக்குச் சொல்லாமல் விட்டவள். இரண்டும் சரிதான். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை.

நெட்டை

*

ஜூலை 2

நெட்டைக்கு,

பழையபடி 'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன். கை வரவில்லை. பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மனுவைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். ஐந்தாவது பத்தி கறுப்பாக இருக்கும் என்றே நினைத்தேன். எதிரில் ஒருவர் கண்ணாடிக்குக் காத்திருந்தார், அவரை அப்படியே விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றேன். உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போகுமா என்றும் தெரியவில்லை. உன் தோழி இத்தனை நாளில் வாய்விட்டுச் சொன்னது இது ஒன்றுதான் என்று அத்தை சொல்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அத்தை இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கடையில் அரை நாள் வேலைக்கு மாறிவிட்டேன். புண் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஒருத்தியாகச் செய்தால் இழுபட்டு மறுபடி கிழிகிறது. அவர் மகன் திங்கட்கிழமை லாரியில் ஏறிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வா. பேச வர வேண்டாம். எனக்குப் பேச ஒன்றும் இல்லை. நான் தோளைப் பிடிப்பேன், நீ இடுப்பைப் பிடிக்க வேண்டும்.

வளையல், மோதிரம் எதுவும் போட்டுக்கொண்டு வராதே. நகத்தை வெட்டிவிட்டு வா. அவர் தோல் இப்போது தொட்டாலே கிழிகிறது.

மிளகாய்