பெயர் கேட்காத பக்கம்

இன்று காலை ஒரு திருத்தம் செய்வதற்காகக் கம்ப்யூட்டரின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து, சுவிட்சைப் போட்டேன். உள்ளே விசிறி இரைந்தது. சூடேறிய தூசியின் வாசனை வந்தது. கோடை மதியங்களில் நாம் ஆபரேட்டர்களாக இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புப் போர்டுக்குப் பின்னாலிருந்து வருமே, அதே வாசனை. ஒரு கணம் என் இடது பக்கத்து நாற்காலியில் நீ இருப்பதாகவே தோன்றியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏமாற்றங்களை நானாகத் தேடிக்கொள்கிற வயதைத் தாண்டிவிட்டேன்.

நீ போய் ஒரு வருடம் கடந்துவிட்டது. நம் பக்கம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்திலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்று சொல்லும் ஒற்றைப் பக்கம். படம் இல்லை, விளம்பரம் இல்லை. எவ்வளவு மட்டமான போனிலும் திறக்கும். நீ நோட்டுடன் போய் டைம் கீப்பரிடமும் கண்டக்டர்களிடமும் கேட்டு எழுதி வருவாய். துறையில் கடைசி வருடங்களில் கற்றுக்கொடுத்த கம்ப்யூட்டரை வைத்து நான் தட்டச்சு செய்து, இரண்டு முறை சரிபார்த்து ஏற்றுவேன். ஓய்வுபெற்ற ஆபரேட்டர்கள் இருவருக்கும் வேறு வேலை இல்லை என்று சிரித்தவர்களும் அதைப் பார்த்துத்தான் பேருந்து ஏறினார்கள்.

போன மாதம் ஒரு செயலி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நல்ல மரியாதை தெரிந்தவள்.

"உங்க லிஸ்ட் ரொம்பக் கரெக்டா இருக்கு மேடம். எங்க ஆப்ல சேத்துக்கிறோம். இந்தப் பேஜை மட்டும் நீங்க நிறுத்திடணும்."

"பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்?"

"ஆப் ஃப்ரீதான் மேடம். பேரும் போன் நம்பரும் குடுத்துட்டு உள்ள வரணும், அவ்வளவுதான்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "உங்களுக்கு அப்புறம் இதை யாரு பாத்துப்பா மேடம்?" என்று கேட்டாள். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. காபி கொடுத்து, பத்து நாள் கழித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

அவள் கேட்டது உண்மைதான். பேருந்து நிலையத்துக்கு ஒரு நடை போய்வந்தால் அடுத்த இரண்டு நாள் என் முழங்கால் என்னுடையதாக இருப்பதில்லை. என் கணவர் இருந்தபோது ஸ்கூட்டரில் கொண்டுவிடுவார். இப்போது ஆட்டோவில் ஏறி இறங்குவதே ஒரு வேலை. டைம் கீப்பர் என்னைப் பார்த்ததும், "இன்னொரு ஆச்சி வரலியா?" என்கிறார். நீ காலமானதை இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை, வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பத்து நாளும் எனக்குப் பருத்தி வியாபாரி ஞாபகம்தான். கோவில்பட்டிக்கு ட்ரங்க் கால் பதிந்துவிட்டு, வரிசையில் காத்திருக்காமல் தன்னுடைய இணைப்பை முதலில் போடச் சொல்லி ஒரு பெட்டி லட்டு அனுப்பினாரே. நீ அதை வாட்ச்மேன் வரைக்கும் பங்கு வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அவர் லைனில் பேசினாய்: "லட்டு நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. உங்களுக்கு முன்னால நாலு பேரு இருக்காவ." பதிந்த சீட்டுகளை வரிசை மாற்றாமல் போடுவது நம் வேலை. யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பது நம் வேலை இல்லை. நான் அதை ஒரு விதி என்று மட்டும் நினைத்திருந்தேன், ஏன் என்று யோசித்ததில்லை.

அதனால்தான் அந்தத் தவறைச் செய்தேன். நீ போவதற்கு முந்தைய வருடம் ஒரு கடைக்காரர் நம் பட்டியலைக் கேட்காமல் எடுத்து, ஆறு பிழைகளுடன் தன் காலண்டரில் அச்சடித்துவிட்டார். நீ அப்போது முழங்கால் அறுவைக்காகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருந்தாய். உன்னிடம் சொல்லாமல் பக்கத்துக்கு ஒரு பூட்டுப் போட்டேன். பெயரும் போன் நம்பரும் கொடுத்தால்தான் திறக்கும். மூன்றாம் நாள் நீ போன் செய்தாய்.

"ஏட்டி, உன் கதவு பேரைக் கேக்குதே, என்ன சொல்லட்டும்?"

"உன் பேரைச் சொல்லேன்."

"நான் சொல்லிருவேன். பக்கத்துக் கட்டில்ல இளையரசனேந்தல்காரி இருக்கா. அவ மக சங்கரன்கோவில்ல தறிக்குப் போயிட்டு வாரா. கடைசி பஸ் எப்பன்னு பாக்க அவ போன்லயே எடுத்துக் குடுத்தேன். நம்பர் கேக்கவும் போனைப் பிடுங்கிட்டா. 'வேண்டாம்க்கா, வீட்டுல தெரிஞ்சா வைவாவ'ங்கா. அந்தப் பிள்ளை பஸ்ஸை விட்டுட்டு ஸ்டாண்டுல நிக்கணுமாட்டி?"

"காலண்டர் போட்ட கடைக்காரன் கேக்காம எடுக்கான். அதுவும் தப்பும் தவறுமா."

"எடுத்துட்டுப் போட்டும்! கான்வென்ட்காரிக்குப் பிழைதான் பெருசு. பஸ் போயிரும்லா?"

போனை வைத்துவிட்டாய். அன்று மாலையே பூட்டை எடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பத்தாம் நாள் செயலிக்காரப் பெண்ணிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். பக்கத்தை நான் நிறுத்த மாட்டேன், அதற்கு வாசலில் காவலும் வைக்க மாட்டேன். ஆனால் எனக்குப் பிறகு என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். பக்கத்தின் உச்சியில் மூன்று வரி எழுதினேன். ஒரு முற்பகல் முழுவதும் ஆயிற்று.

"இந்த நேரப் பட்டியலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அச்சிடலாம், தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம், மாற்றலாம். எங்களைக் கேட்க வேண்டியதில்லை."

'மாற்றலாம்' என்ற சொல்லை மூன்று முறை அழித்து எழுதினேன். என் கையெழுத்தில் ஒரு சுழி பிசகினால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வைத்த கன்னியாஸ்திரீகள் வளர்த்தவள் நான். என் வேலையில் எவரோ கை வைப்பார் என்பதை நானே எழுதிக் கொடுப்பது எளிதாக இல்லை.

நேற்று திருவேங்கடத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கும் ஒரு பெண் நம் பட்டியலை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டிருப்பதைப் பார்த்தேன். திருவேங்கடம் போகும் மாலைப் பேருந்து ஐந்தே முக்கால் என்பதை ஐந்தரை என்று போட்டிருந்தாள். அங்கிருந்த எண்ணுக்கு அழைத்துவிட்டேன். பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பட்டியலைப் போட்டவள் நான் என்று சொல்லிக்கொண்டேன்.

"ஐந்தே முக்கால் என்பதைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள்," என்றேன்.

"இல்ல ஆச்சி. போன மாசத்துலருந்து அஞ்சரைக்கே எடுத்துருதான். நானே ரெண்டு நாளு ஓடி வந்தும் விட்டுட்டேன். அதான் மாத்துனேன். உங்களுதுதான் பழசு." பிறகு சற்றுத் தயங்கி, "மாத்தலாம்னு நீங்கதான எழுதிருக்கிய?" என்றாள்.

அவள் சொன்னது சரி. அந்தப் பக்கத்தில் என் பெயரால் இத்தனை நாள் ஒரு தவறு நின்றிருக்கிறது. அதை நம்பி எத்தனை பேர் ஓடினார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்று காலை ஐந்தே முக்காலை அழித்துவிட்டு ஐந்தரை என்று போட்டேன். அந்தத் திருத்தம்தான் இது.

களைப்பாகத்தான் இருக்கிறது. திருவேங்கடத்து நேரங்களை இனி அவள் பார்த்துக்கொள்வாள். மற்ற ஊர்களுக்கு யாராவது வருவார்களா, தெரியாது. வரும் வரை ஆட்டோவில் ஏறி இறங்க வேண்டியதுதான். பிழையைக் கண்டதும் எழுதியவர்மேல் கோபப்படுவது என் குணம். அந்தப் பேருந்தைத் தவறவிட்டு நிற்கப்போகிறவளை முதலில் நினைப்பது உன் குணம். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். எனக்கு இன்னும் அது சரியாக வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.