எனக்காகப் போங்க

அன்பு மகளே,

போனில் சொன்னால் பக்கத்தில் இருக்கும் அப்பா காதில் விழும். அதனால் மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தோடு இதையும் எழுதி வைக்கிறேன்.

பிரசவத்துக்கு அரியமங்கலம் வீட்டுக்கு வர நீ ஏன் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். போன மாதம் என் இருமலுக்காகத் தென்னூர் டாக்டரிடம் போனோம். "வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா? அந்தப் புகை கூட இருக்கிறவங்க நுரையீரலையும் கெடுக்கும்," என்றார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும், "பேரப்பிள்ளை வரட்டும், அப்புறம் வெளியில போய்ப் பிடிச்சிக்கிறேன்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"குழந்தைக்காக இல்லங்க, எனக்காகப் போங்க. எனக்குத்தான் மூச்சு முட்டுது."

அவர் திகைத்துப் போனார். "இத்தனை வருஷத்துல நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

"இப்ப சொல்றேன்ல."

சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்குப் போனார். அன்று முதல் வீட்டுக்குள் பற்றவைப்பதில்லை. பழக்கத்தை இன்னும் விடவில்லை. அதற்கும் டாக்டரைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். திரைச்சீலைகளை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டேன். இருமல் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் சமைக்கும்போது என்னையறியாமல் கோயில் பாட்டு வாயில் வருகிறது.

நேற்று நல்ல மழை. அப்பா தெருமுனையில் குடை பிடித்துக்கொண்டு புகைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளே வரச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

கூப்பிடவில்லை. முடித்துவிட்டு வரட்டும் என்று காபியை மட்டும் சூடாக வைத்தேன்.

நீ தைரியமாகக் கிளம்பி வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா