கரிவாயுக் காரைத் தெருமுனை தாண்டிக் கொளுத்தியது பற்றி

அனுப்புபவர்:
சா. பஞ்சாட்சர முதலியார்,
ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு,
9, நந்தவனச் சந்து, மயிலாப்பூர், சென்னை.

பெறுபவர்:
மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ மோட்டார் லைசென்சு அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு,
சென்னை.

விஷயம்: டிரைவர் அக்பர் பாஷாவிடமிருந்து சென்ற நவம்பர் 22-ந் தேதி வாங்கப்பட்ட லைசென்சை, வருகிற ஜனவரி முதல் தேதிக்கு முன் அவர் கையில் திருப்பித் தர வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி சந்தில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். நான் தெருவில் வருவதைக் கண்டால், வாசலில் நிற்கிற திடகாத்திரமானவர்களும் உள்ளே போய், தாங்கள் ஊரில் இல்லை என்று சொல்லியனுப்புவார்கள். என்னைப் பற்றி இவ்வளவு போதும். இந்த மனு என் டிரைவரைப் பற்றியது.

2. செப்டம்பரில் சீமையில் சண்டை மூண்டதும், இனிப் பெட்ரோலைக் கண்ணால் காண முடியாது என்று லஸ் முனையில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள். நாலு பேர் சொன்னால் நம்புவது என் சுபாவம். அன்றைக்கே என் பழைய காரைக் கரிவாயுவில் ஓடும்படி மாற்றத் தீர்மானித்தேன். அக்பர் பாஷா இராயப்பேட்டைக்காரர். காலையில் என் காரையும் மாலையில் வேறொருவருடைய டாக்ஸியையும் ஓட்டுகிறவர். தகர வேலையும் தெரிந்தவர். காரின் பின்புறம் ஆளுயர உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியை நிரப்பி, அடியில் நெருப்பு வைத்து, கையால் சுற்றும் விசிறியால் கனலேற்றி, வருகிற வாயுவைக் குழாய் வழியே எஞ்சினுக்குக் கொண்டுபோனார். தங்கள் அலுவலக ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புதல் தந்த காகிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

3. கார் ஓடிற்று. அடையாற்றுப் பாலம் ஏறும்போது மட்டும் நான் இறங்கி நடப்பேன். பெரும்பாலும் காருக்கு முன்னால் நானே அக்கரை சேருவேன். "பெட்ரோல் டாங்கிய எடுக்காதீங்கோ சார், ஒரு அவசரம்னா ஆவும்" என்று அக்பர் பாஷா மூன்று தரம் சொன்னார். நான் அதைக் கழற்றி, கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் விடும் தொட்டியாக்கினேன். வாழை பட்டுப்போயிற்று. அவசரமும் வந்தது.

4. நவம்பர் 22-ந் தேதி விடியற்காலையில் எங்கள் சந்தின் நடுவீட்டுக்காரரான ஸ்ரீ ராமானுஜம் ஐயங்கார் காலமானார். எட்டு வருஷமாக என்னிடம் பாலிசி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிவந்த நல்ல மனுஷர். மூத்த பிள்ளை திருச்சியிலிருந்து வரவேண்டியிருந்ததால் பிரேதம் மத்தியானம் வரை வீட்டிலேயே இருந்தது. பிரேதம் எடுக்கும் வரையில் அந்தத் தெருவில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை என்ற வழக்கம் தாங்கள் அறியாததல்ல. அன்று குழந்தைகளுக்குக் கூடப் பழையதுதான். தெருக்கோடியில் துணி தேய்க்கும் வேலு, தன் இஸ்திரிப் பெட்டியில் கூடக் கங்கு போடவில்லை.

5. அந்த வேலுதான் எட்டு மணிக்கு என் வீட்டுக்கு ஓடிவந்தான். "சாமி, ரத்னாவுக்கு ராத்திரிலேர்ந்து வலி. கொழந்த குறுக்க கீதாம். முத்தம்மா கைய விரிச்சிட்டா. ஜட்கால ஏத்தினா குலுக்கியே கொன்னுடும்ன்றா" என்றான். ரத்னா அவன் பெண்சாதி, முத்தம்மா மருத்துவச்சி. இருவரையும் காரில் ஏற்றினோம். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கார் என் வாசலில் நின்றது. என் வாசலுக்கு எட்டாவது வாசல் துக்க வீடு.

6. இனிச் சொல்லப்போவதுதான் விசாரணையில் தெரியவேண்டியது. மண்ணெண்ணெய்த் துணியையும் நெருப்புப் பெட்டியையும் கையில் எடுத்தவன் நான். குச்சியும் உரசிவிட்டேன். அக்பர் பாஷா என் மணிக்கட்டைப் பிடித்து, வாயால் ஊதி அதை அணைத்தார்.

"இன்னா சார் பண்றீங்கோ? அங்க மய்யித்து கீது."

"இது அடுப்பு இல்லேப்பா, மோட்டார்" என்றேன். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் தர்க்கம்.

"கரி போட்டு நெருப்பு வெச்சா அதுக்குப் பேர் இன்னா சார்? தள்ளுங்கோ. தெருவத் தாண்டிக் கொளுத்திக்கலாம்."

7. தள்ளினோம். அக்பர் பாஷா ஒரு பக்கம், வேலு ஒரு பக்கம், பின்னால் நான். நான் தள்ளியதைவிடச் சாய்ந்துகொண்டு போனது அதிகம். துக்க வீட்டைக் கடக்கும்போது அக்பர் பாஷா சைகை காட்ட, யாரும் மூச்சு விடவில்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்த ரத்னா, முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். அவள் கண்ணை நான் பார்த்தேன். அந்த வீட்டு வாசல் ஏழு கஜம் இருக்கும். கடந்து தீர்வதற்கு வெகுநேரம் ஆனாற்போல் இருந்தது.

8. சந்து முடிந்து, பெரிய வீதியில் இருபது கஜம் போன பிறகே அக்பர் பாஷா நெருப்பு வைத்தார். பன்னிரண்டு நிமிஷம் விசிறி சுற்றினார். அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வீசியதால், புகை முழுவதும் திரும்பிச் சந்துக்குள் போய்த் துக்க வீட்டுப் பந்தலில் நுழைந்திருக்கிறது. காற்றை யாரும் தள்ளிக்கொண்டு போக முடியாது. நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். தாயும் குழந்தையும் உயிர் தப்பினார்கள். பெண் குழந்தை.

9. நாங்கள் திரும்பி வரும்போது பிரேதம் புறப்பட்டுவிட்டது. காலமானவரின் மைத்துனர், அக்பர் பாஷா வேண்டுமென்றே துக்க வீட்டெதிரில் அடுப்பு மூட்டி அவமதித்ததாகப் புகார் செய்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் தெருவார் முன்னிலையில், "யார் கொளுத்தினது?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றார் அக்பர் பாஷா. அது உண்மை. எங்கே கொளுத்தினார் என்பதை அவர் சொல்லவில்லை. மூன்றடி தள்ளி நின்ற நானும் சொல்லவில்லை.

10. ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். காலமானவருக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் கைநிறையச் சம்பாதிக்கிறவர்கள். தகப்பனார் போன கையோடு மூவருக்கும் ஆயுளைப் பற்றிக் கவலை பிறந்திருக்கும். மயானத்திலிருந்து அவர்கள் திரும்பும்போது என் பேர் இந்தச் சச்சரவில் அடிபடக் கூடாது என்று நினைத்தேன். லைசென்சு சப்-இன்ஸ்பெக்டர் பைக்குள் போகும்போது நான் கவனமாக என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

11. அன்று சாயங்காலம் அக்பர் பாஷாவைத் தனியே அழைத்து, "தெருவுக்கு வெளியிலேன்னு சொல்றதுக்கு என்னப்பா?" என்று நானே கோபித்துக்கொண்டேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்: "சாவு வூட்டாண்ட நின்னுக்கினு வாயாடறதா சார்? நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்."

12. விசாரணை ஜனவரி 8-ந் தேதி என்று தாக்கீது வந்திருக்கிறது. டாக்ஸிக்காரர் முதல் தேதிக்குள் லைசென்சு வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்ளப்போவதாகச் சொல்லிவிட்டார். அது போனால் அக்பர் பாஷாவுக்கு மிஞ்சுவது என் காலைச் சவாரிதான். லைசென்சு இல்லாமல் அதுவும் இல்லை. அவர் மனைவி குல்சும் பீவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போனால் தேநீர் கொடுக்கிறார்கள். அதைக் குடிப்பது சிரமமாயிருக்கிறது.

13. பதின்மூன்றாம் நாள் கழிந்த பிறகு துக்க வீட்டுக்குப் போய், மூன்று பிள்ளைகளையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். மூத்தவர், "ஓய், இதை அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதா?" என்று கேட்டார். கீழே சாட்சிக் கையெழுத்து அவருடையதுதான். மைத்துனர் கையெழுத்துப் போடவில்லை. புகை வந்தது வந்ததுதானே என்கிறார். அதை நான் மறுக்கவில்லை. வேலுவும் முத்தம்மாவும் இடக்கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார்கள்.

14. ஆகையால் தாங்கள் கருணை கூர்ந்து விசாரணையை இம்மாதத்திலேயே, கூடுமானால் எங்கள் சந்திலேயே, அதே தெருவார் முன்னிலையில் நடத்த உத்தரவிட வேண்டுமாய் வேண்டிக்கொள்கிறேன். நெருப்புக் குச்சியைத் தெருவுக்குள் உரசியதற்கு என்ன தண்டனையோ அது எனக்கு வரட்டும். லைசென்சை என்னிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். வாங்கின இடத்திலேயே அவர் கையில் கொடுக்க வேண்டும். அன்று கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்கும்போது அக்பர் பாஷாவிடம் கேட்க வேண்டாம். அவர் பதில் சொல்லியாயிற்று. என்னிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
விசாரணைக்குக் காத்திருக்கும்,
சா. பஞ்சாட்சர முதலியார்

இடம்: மயிலாப்பூர்
தேதி: 9-12-1939

சாட்சிகள்:
ரா. வரதன் (காலமான ஸ்ரீ ராமானுஜம் ஐயங்காரின் மூத்த குமாரர்)
வேலு – ரேகை
முத்தம்மா – ரேகை