நிழலில் காய்ந்த கீழாநெல்லி

திருப்பதி,
12.6.1974

அன்புள்ள கிருபாவதிக்கு,

ஆண்டவர் தயவால் நலமாக இருக்கிறேன். உன் இருமல் நின்றதா? ஆராய்ச்சிக்கூடத்தில் ஞாயிறும் முட்டைகளைப் பார்க்க வேண்டியிருப்பதால் இம்மாதமும் சித்தூர் வர முடியவில்லை.

கவலைப்பட ஒன்றுமில்லை, நீ சிரிக்கத்தான் எழுதுகிறேன். கோழிக்கழிச்சல் வைரஸ் ஏற்றிய கரு வளரும் கோழிமுட்டைகளில் நானும், எனக்குப் பின் வேலைக்குச் சேர்ந்த கோவர்த்தனனும் தனித்தனியே காய்ந்த கீழாநெல்லியை ஊறவைத்து வடித்த சாறு செலுத்தினோம். மூன்றாம் நாள் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் என் பன்னிரண்டு குஞ்சும் செத்திருந்தன. அவனுடையதில் ஏழு அசைந்தன. ஒரு சோதனையை வைத்து மருந்து என்று சொல்ல முடியாது என்றார் புரொபசர். ஆனாலும் அவன் தோளைத்தான் தட்டினார்.

"ரெண்டும் ஒரே செடிதானேடா, எப்படி?" என்று கேட்டேன்.

"உங்க லெட்டரைக் குடுக்க சித்தூர் வூட்டுக்குப் போனேனே, அப்ப அண்ணியைக் கேட்டேன். வெயில்ல போட்டா சத்து பூடும், நிழல்லயே காயட்டும்னு சொன்னாங்க" என்றான். உன் மீன் குழம்பை வேறு புகழ்ந்தான்.

நான் மொட்டை மாடி வெயிலில் காய வைத்திருந்தேன். ஆறு வருஷம் குடும்பம் நடத்தியும் உன்னை ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நிழலில் உலர்த்திய கீழாநெல்லி ஒரு பை அனுப்பு. எலுமிச்சை ஊறுகாயும் அனுப்பு. அவனுக்குத் தர மாட்டேன்.

கடிதம் கொண்டுவருபவர் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார். அறிக்கையில் உன் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருக்கிறான் கோவர்த்தனன். நான் இதுவரை உன் பெயரைக் கடிதத்திலும் அதன் உறையிலும் மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

உன்,
அசரியா